சேற்றுக்குள் நாலாயிரம் ஆண்டு

ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு கடலியலில் பெரிய பெயர். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களில் கார்பனும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அவர் கண்டு சொன்ன கணக்கு இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள உட்ஸ் ஹோல் கடலியல் ஆய்வு நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய அவர், 1950களின் பிற்பகுதியில் ஓய்வு பெற்றார். பெற்ற பெயருக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். அவரோ பக்கத்து ஊரான பார்ன்ஸ்டபிளின் உவர் சதுப்புக்குள் இறங்கி, நீளக் கம்பியைச் சேற்றில் குத்திக்கொண்டிருந்தார். கம்பி எத்தனை அடி இறங்கிய பிறகு கெட்டித் தரையில் முட்டுகிறது என்று குறித்துக்கொள்வார். பிறகு சில கெஜம் தள்ளிப் போய் மறுபடி குத்துவார்.

கம்பி மீட்டர் கணக்கில் இறங்கியது. இறங்கிய ஆழம் முழுக்க இருந்தது களிமண் மட்டுமல்ல, மக்காத புல்வேரும்தான். ஆழத்திலிருந்து எடுத்த வேர்த்துண்டுகளை மேயர் ரூபின் என்ற புவியியலாளரோடு சேர்ந்து ரேடியோகார்பன் முறையில் வயது பார்த்தார். 1962இல் இருவரும் முடிவை வெளியிட்டார்கள். அந்தச் சதுப்பின் அடிப்பகுதிக்கு வயது ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டு. எகிப்தில் பாரோக்கள் ஆண்ட காலத்தில் முளைத்த புல்லின் வேர், நாரோடும் நரம்போடும் இன்னும் அந்தச் சேற்றில் கிடக்கிறது.

அந்த வேரில் இருக்கும் கார்பன் ஒருகாலத்தில் காற்றில் கரியமில வாயுவாக இருந்தது. புல் அதை உறிஞ்சி உடம்பாக்கிக்கொண்டது. புல் செத்தது, ஆனால் கார்பன் காற்றுக்குத் திரும்பவில்லை. இந்தத் திரும்பாமைதான் இன்று பருவநிலை ஆய்வாளர்களை உவர் சதுப்புகளின் பக்கம் இழுத்துவந்திருக்கிறது. வெப்பமண்டலக் கடற்கரைகளில் அலையாத்திக் காடுகள் செய்வதை, குளிர்ப் பருவம் உள்ள மிதவெப்ப மண்டலக் கடற்கரைகளில் இந்தப் புல்வெளிகள் செய்கின்றன. அலையாத்திக்குப் புகழ் உண்டு, புகைப்படம் உண்டு, சுற்றுலாப் படகு உண்டு. முழங்கால் உயரப் புல் நிற்கும் சதுப்பை அப்படி யாரும் நின்று பார்ப்பதில்லை. அதன் சொத்து முழுவதும் கால்களுக்குக் கீழே இருக்கிறது.

மாசசூசெட்ஸ் அடங்கிய நியூ இங்கிலாந்து கடற்கரையில் இந்தச் சதுப்பை ஆளும் புற்கள் இரண்டு. இரண்டும் ஸ்பார்ட்டினா என்ற பேரினம். உயரமானது ஓடைக் கரையில், நாளுக்கு இரண்டு தரம் ஓதம் ஏறி முழுக்காட்டும் தாழ்ந்த சேற்றில் நிற்கும். மெல்லிய, படுத்துக் கிடக்கும் இன்னொன்று, உயர் ஓதம் மட்டுமே தொட்டுப் போகும் மேட்டில் வளரும். ஐரோப்பியக் குடியேறிகள் முதலில் தேடிப் போனது இரண்டாவதைத்தான். காடு வெட்டித் திருத்தாமலேயே மாட்டுக்குக் கிடைத்த வைக்கோல் அது. அறுத்த புல்லைச் சதுப்பில் நட்ட மரக்குச்சிகளின்மேல் போராக ஏற்றி, குளிரில் சேறு இறுகிய பிறகு வண்டி கட்டி இழுத்துவந்தார்கள். இரண்டு புல்லுக்கும் நடுவே, ஆங்காங்கே உப்புத் தேங்கிய திட்டுகளில், தமிழகக் கடலோர உப்பளங்களில் சிவந்து கிடக்கும் உமரிக்கு நெருங்கிய உறவான செடியும் முளைக்கும்.

ரெட்ஃபீல்டு புரிந்துகொண்ட விஷயம் இந்த இரண்டு புற்களின் இடப்பங்கீட்டில் இருந்தது. மேட்டுப் புல் உயர் ஓத மட்டத்தில்தான் வளரும். அதற்குக் கீழே உயிர் பிழைக்காது. ஆனால் அதன் வேர் மீட்டர் கணக்கான ஆழத்திலும் கிடைத்தது. அப்படியென்றால் அந்தப் புல் உயிரோடு நின்ற நாளில் கடல் மட்டமும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். கடல் மெல்ல மெல்ல உயர, சதுப்பும் தன் செத்த வேர்களின்மேல் ஏறி நின்று கூடவே உயர்ந்திருக்கிறது. சாண்டி நெக் என்ற மணல்திட்டு கடலை மறித்து நீண்டுகொண்டே போக, அதன் நிழலில் சதுப்பும் நூற்றாண்டு நூற்றாண்டாக விரிந்தது. முழு வரலாற்றையும் அவர் எழுதி முடித்து வெளியிட்டது 1972இல். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

காட்டில் விழும் மரம் சில பத்தாண்டுகளில் மண்ணாகிவிடுகிறது. பூஞ்சையும் பாக்டீரியாவும் ஆக்சிஜனைக் கொண்டு அதைத் தின்று, கார்பனைக் கரியமில வாயுவாக வெளியே விடுகின்றன. சதுப்புச் சேற்றிலோ, மேலே ஒரு சில மில்லிமீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் இல்லை. நீர் நிறைந்த மண்ணுக்குள் காற்று நுழைவது அத்தனை மெதுவாக நடப்பதால், நுழைந்த கொஞ்சமும் உடனே தீர்ந்துபோகிறது. ஊறுகாய் ஜாடியில் மேலே எண்ணெய் நிற்கும் வரை பூஞ்சை பிடிக்காதே, அதுபோல ஓத நீர் மேலே நிற்கும் வரை அடியில் உள்ளது கெடாது.

கெடவே கெடாது என்றில்லை. ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் பிழைக்கத் தெரிந்த பாக்டீரியாக்கள் உண்டு. கடல்நீரில் தாராளமாக இருக்கும் சல்பேட்டைக் கொண்டு அவை மெதுவாக வேரைச் சிதைக்கின்றன. அழுகிய முட்டை நாற்றம் சதுப்பிலிருந்து வருவது இவற்றின் வேலையால். அந்த நாற்றத்தைச் சகித்துக்கொள்ள ஒரு நல்ல காரணம் உண்டு. சல்பேட் இல்லாத நன்னீர்ச் சேற்றில் அதே இடத்தை மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பிடித்துக்கொள்ளும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். உப்பு நீர் வந்துபோகும் சதுப்பில் சல்பேட் பாக்டீரியாக்கள் மீத்தேன்காரர்களைப் பட்டினி போட்டுவிடுகின்றன. ஆகவே உவர் சதுப்பு கார்பனைப் புதைத்தும் வைக்கிறது, புதைத்ததற்கு விலையாக மீத்தேனையும் பெரிதாக வெளியிடுவதில்லை. நன்னீர்ச் சதுப்புகளுக்கு இந்த இரட்டை நன்மை கிடையாது.

இதை உலக அளவில் முதலில் கூட்டிப் பார்த்தவர்களில் ஒருவர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெயில் ச்முரா. 2003இல் அவரும் கூட்டாளிகளும் அலையாத்தி, உவர் சதுப்பு இரண்டிலுமாக 154 இடங்களின் அளவீடுகளைத் திரட்டினார்கள். பரப்பு சரியாகத் தெரியாத நாடுகளை விட்டுவிட்டே, ஆண்டுக்குக் குறைந்தது 4.46 கோடி டன் கார்பன் புதைகிறது என்று கணக்கு வந்தது. ‘நீலக் கார்பன்’ என்ற பெயர் 2009இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை வழியாகப் பரவியது. ஆனால் உலகத்தில் உவர் சதுப்பு மொத்தம் எவ்வளவு என்பதற்கு நம்பகமான செயற்கைக்கோள் வரைபடம் 2024இல்தான் வந்தது: 120 நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலுமாக ஏறக்குறைய 52,880 சதுர கிலோமீட்டர். உலக நிலப்பரப்பில் பத்தாயிரத்தில் நாலு பங்குகூடத் தேறாது. அந்தத் துக்கடா நிலத்தின் மேல் ஒரு மீட்டர் மண்ணில் மட்டும் சுமார் 144 கோடி டன் கார்பன் இருப்பதாக அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு மதிப்பிட்டது. பிரித்துப் பார்த்தால் ஹெக்டேருக்கு 270 டன் அளவில் வரும். பார்ன்ஸ்டபிள் போன்ற இடங்களில் ஒரு மீட்டருக்குக் கீழேயும் சரக்கு இருக்கிறது என்பது இந்தக் கணக்கில் சேராது.

இந்த எண்கள் எப்படிக் கிடைக்கின்றன? ஒரு உலோகக் குழாயைச் சதுப்பில் நேராக இறக்கி, மண்ணை அப்படியே தூணாக உருவி எடுக்கிறார்கள். மேலே பழுப்பு நிறத்தில் வேர்ப் பின்னல். கையால் பிய்க்க முடியாத அளவுக்கு இறுக்கம். அதற்குக் கீழே புயல் கொண்டுவந்த சாம்பல் நிறக் களிமண் கோடுகள். மறுபடி வேர். தூணை ஓரிரு சென்டிமீட்டர் வில்லைகளாக அறுத்து, அடுப்பில் உலர்த்தி, எடை போட்டு, உலையில் எரிக்கிறார்கள். எரித்தபின் குறைந்த எடைதான் உயிர்ப்பொருள். அதிலிருந்து கார்பன் கணக்கு. வில்லை எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று சொல்ல ஒரு விசித்திரமான அடையாளம் உதவுகிறது. சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் அணுகுண்டுக் காலத்துக்கு முன் மண்ணில் கிடையாது. வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டு வெடித்துச் சோதித்த காலத்தில் அது உலகம் முழுக்கத் தூசியாக இறங்கியது. 1963இல் உச்சத்தைத் தொட்டது. உருவிய தூணில் சீசியம் துருத்திக்கொண்டு நிற்கும் வில்லை 1963. அதற்கு மேலே உள்ளதெல்லாம் அதற்குப் பிறகு புதைந்தது. அணு ஆயுதப் பந்தயத்தின் எச்சம் இப்படி ஒரு பயனுள்ள வேலைக்கும் ஆகிறது.

புதைத்து வைப்பது சதுப்பின் இயல்பு என்றால், அதைக் கலைப்பது மிக எளிது. ஒரு கரை போட்டால் போதும். இதைக் கண்ணால் காணக்கூடிய இடம், பார்ன்ஸ்டபிளிலிருந்து வடகிழக்கே, அதே கேப் காட் தீபகற்பத்தில் இருக்கும் வெல்ஃப்லீட். சிப்பிக்குப் பேர்போன ஊர். அங்கே ஹெர்ரிங் என்று ஓர் ஆறு. கடலில் வளர்ந்து நன்னீரில் முட்டையிட வரும் ஹெர்ரிங் மீன்கள் கூட்டம் கூட்டமாக ஏறியதால் அந்தப் பெயர். ஆற்றின் இரு பக்கமும் சுமார் ஆயிரம் ஏக்கர் உவர் சதுப்பு இருந்தது.

1909இல் செக்விசெட் நெக் என்ற இடத்தில், ஆறு துறைமுகத்தில் சேரும் வாயில், குறுக்கே கரை எழுப்பினார்கள். கொசுவை ஒழிப்பதே நோக்கம். கோடையில் வரும் விருந்தாளிகளைக் கொசு விரட்டுகிறது என்பது ஊர்க்காரர்களின் கவலை. சதுப்பை வற்றவைத்தால் நிலமும் கிடைக்கும் என்று எண்ணினார்கள். வெளியே மூன்று மீட்டர் ஏறி இறங்கும் ஓதம், கரைக்கு உள்ளே அரை மீட்டர் சொச்சமாகச் சுருங்கியது. கரையில் மூன்று மதகு வாய்கள். இரண்டில் நீர் வெளியே மட்டும் போகக்கூடிய கதவு. மூன்றாவது கொஞ்சமே திறந்திருக்கும். அவ்வளவுதான். ஆயிரம் ஏக்கரின் மூச்சுக்குழாய் அதற்குள் அடங்கிவிட்டது.

பிறகு நடந்தது ஒரே விபத்தல்ல, இடத்துக்கு இடம் வேறு வேறு விபத்து. மேட்டுப் பகுதியில் நீர் வடிந்து, சேற்றுக்குள் காற்று புகுந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டு காத்துவைத்த வேரைப் பாக்டீரியாக்கள் தின்னத் தொடங்கின. கார்பன் கரியமில வாயுவாகிப் பறந்தது. வேர் போக, நிலம் தாழ்ந்தது. சில இடங்களில் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை. சதுப்பு மண்ணில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் நிறைய உண்டு. நீருக்கடியில் இருக்கும்வரை அது சாது. காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாகிறது. அந்த அமிலம் ஆற்றில் கசிந்தது. 1980இல் விலாங்குகள் பெருமளவில் செத்தன. ஆற்றுக்குப் பெயர் கொடுத்த ஹெர்ரிங் மீன்கள், ஆக்சிஜன் இல்லாத கோடைத் தண்ணீரில் மாட்டிக்கொண்டு மடிந்தன. கொசு? அது போகவேயில்லை. கொசுப்புழுவைத் தின்னும் சிறுமீன்கள்தாம் உள்ளே வர முடியாமல் போயின. இதையெல்லாம் பல ஆண்டுகள் கள ஆய்வு செய்து எழுதியவர் கேப் காட் தேசியக் கடற்கரைப் பூங்காவின் சூழலியலாளர் ஜான் போர்ட்னாய்.

தாழ்வான பகுதிகளில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே நீர் வடியவில்லை. ஆற்றிலிருந்தும் மழையிலிருந்தும் வந்த நன்னீர் தேங்கி நின்றது. உப்பு போனதால் சல்பேட்டும் போனது. மீத்தேன் நுண்ணுயிர்களுக்குக் கதவு திறந்தது. புகைப்படத்தில் பார்த்தால் இதுவும் பசுமையான ஈரநிலம்தான், நாணல் அசைந்து அழகாகத்தான் இருக்கும். ஆனால் முன்பு வாயுவை உள்ளிழுத்த நிலம் வெளியே ஊதத் தொடங்கியது.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் கெவின் க்ரோகரும் குழுவினரும் 2017இல் இதை வைத்து ஒரு வாதம் முன்வைத்தார்கள். புதிதாகச் சதுப்பு உருவாக்கி அது கார்பனைப் புதைக்கக் காத்திருப்பதைவிட, இப்படி அடைபட்டு நன்னீராகிப்போன பழைய சதுப்புக்கு ஓதத்தைத் திருப்பிவிடுவது ஒரு ஏக்கருக்கு அதிகப் பலன் தரும் என்பது அந்த வாதம். மீத்தேன் நின்றுவிடுகிறது அல்லவா? அந்தப் பலன் உப்பு திரும்பியதுமே தொடங்குகிறது, நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் சாலைக்காகவும் ரயில் பாதைக்காகவும் போட்ட மேடுகளுக்குப் பின்னால், குறுகிய குழாய் வழியாக மட்டும் மூச்சுவிடும் சதுப்புகள் ஏராளம். ஒரு குழாயை அகலப்படுத்துவது பருவநிலைக்குச் செய்யும் வேலை என்று யாருக்கும் தோன்றாது. உண்மையில் அதைவிட மலிவான வேலை கிடைப்பது அரிது.

வெல்ஃப்லீட்டில் அது மலிவாக முடியவில்லை, காரணம் நூறு ஆண்டுக்கு மேல் கடந்துவிட்டது. சதுப்பு இருந்த இடத்தில் மரம் வளர்ந்துவிட்டது. தாழ்ந்த சாலைகள் வந்துவிட்டன, வீடுகள் வந்துவிட்டன, ஒரு கோல்ஃப் மைதானத்தின் சில பகுதிகள்கூட வெள்ளமட்டத்துக்குள் இருக்கின்றன. எல்லாவற்றையும் உயர்த்தியோ காத்தோதான் ஓதத்தை உள்ளே விட முடியும். பல ஆண்டுப் பேச்சு, அனுமதி, நிதி எல்லாம் முடிந்து, கரையை அகற்றி மதகுக் கதவுகளோடு பாலம் கட்டும் வேலை 2023இல் தொடங்கியது. கதவுகளை ஒரேயடியாகத் திறக்கும் திட்டம் இல்லை. நிலம் தாழ்ந்துவிட்டதால், முழு ஓதமும் ஒரே நாளில் ஏறினால் புல் முளைக்காமல் வெறும் ஏரியாகிவிடும். ஓதம் கொண்டுவரும் வண்டல் படிந்து நிலம் கொஞ்சம் கொஞ்சமாக மேலெழ அவகாசம் தர வேண்டும். அதனால் கதவுகளைப் பல ஆண்டுகளில், ஒவ்வொரு படியிலும் அளந்து பார்த்துத் திறப்பதாக ஏற்பாடு.

தாழ்ந்துபோன நிலத்தின் சிக்கல் இங்கிலாந்திலும் இதேதான். எசெக்ஸ் கடற்கரையின் வாலசீ தீவில் சதுப்பு பல நூற்றாண்டுகளாகக் கரைகட்டி விளைநிலமாக்கப்பட்டிருந்தது. பறவைகள் பாதுகாப்பு அமைப்பான ஆர்.எஸ்.பி.பி. அதைக் கடலுக்குத் திருப்பிக் கொடுக்க முடிவு செய்தபோது, நிலம் வெளிச் சதுப்பைவிடத் தாழ்ந்து கிடந்தது. அதே சமயம் லண்டனில் கிராஸ்ரெயில் சுரங்க ரயில் பாதைக்காக மண் தோண்டிக்கொண்டிருந்தார்கள். முப்பது லட்சம் டன்னுக்கு மேல் சுரங்க மண் கப்பலில் வந்து வாலசீயில் இறங்கி, மேடும் பள்ளமும் ஓடையுமாகச் செதுக்கப்பட்டது. 2015இல் கடற்சுவரை உடைத்து ஓதத்தை உள்ளே விட்டார்கள். சாமர்செட்டில் ஸ்டீயார்ட் என்ற இடத்தில் 2014இல் இதே முறையில் கரை உடைக்கப்பட்டது. செவெர்ன் கழிமுகத்தின் நீர் வண்டல் குழம்பாகவே ஓடும் நீர். சில ஆண்டுகளிலேயே தடித்த படுகை சேர்ந்தது. கட்டுமானத்தின்போது புல்டோசர்களும் லாரிகளும் வெளியிட்டதைவிட அதிகக் கார்பன் அதற்குள் அங்கே சேர்ந்துவிட்டது என்று மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

அந்தக் கணக்கில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஸ்டீயார்ட்டில் சேர்ந்த கார்பனில் பெரும்பங்கு அங்கே வளர்ந்த புல்லுடையது அல்ல. வேறெங்கோ மண்ணில் இருந்து அரித்துக்கொண்டு ஆற்றில் வந்தது. அது இங்கே படியாமல் போயிருந்தால் கடலடியில் எங்காவது படிந்திருக்குமா, அல்லது சிதைந்து வாயுவாகியிருக்குமா? சிதைந்திருக்கும் என்றால் சதுப்புக்குப் பெருமை. வேறெங்கோ படிந்தே தீரும் என்றால், இடம் மாறியதை லாபம் என்று எழுதிக்கொள்ள முடியாது. கார்பன் சான்றிதழ் விற்க வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

கரை கட்டாத சதுப்பும் கலையலாம். மாசசூசெட்ஸின் பிளம் ஐலண்டு சதுப்பில் லிண்டா டீகன் தலைமையிலான குழு ஒன்பது ஆண்டு ஓடைகளில் உரச்சத்தைக் கலந்துபார்த்தது. ஊர்களின் கழிவுநீரும் வயல் உரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அறிய. புல் மேலே செழித்தது, உணவு தேடி வேர்விட வேண்டிய அவசியம் குறைந்ததால் கீழே மெலிந்தது. வேர்ப் பிடிப்பு போன ஓடைக் கரைகள் துண்டு துண்டாகச் சரிந்து விழுந்தன. 2012இல் வெளியான இந்த முடிவு, பச்சையாக இருப்பதெல்லாம் நலமாக இருப்பதல்ல என்று சதுப்புக்காரர்களுக்கு உறைக்கவைத்தது. கேப் காட்டிலேயே இன்னொரு கதை. தூண்டில்காரர்கள் பெரிய மீன்களையும் நண்டுகளையும் அளவுக்கு மீறிப் பிடித்ததில், அவற்றுக்கு இரையாகிவந்த ஊதா நிறச் சிறு நண்டு பெருகியது. அது இரவில் வளையைவிட்டு வந்து ஸ்பார்ட்டினாவைக் கத்தரித்துத் தின்னும். பிரௌன் பல்கலைக்கழகத்தின் மார்க் பெர்ட்னஸ் குழுவினர் கரையோரம் மொட்டையாகிப்போன இடங்களைத் தொடர்ந்து பார்த்து, மீன்பிடிப்புக்கும் இந்த அழிவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். புல் போன இடத்தில், வளைகள் நிறைந்த பீட் மண், அதாவது மக்காத வேர் செறிந்த மண், கரைந்து ஓடையில் கலக்கிறது.

இனி வெப்பம். சூடு ஏறினால் சிதைவும் வேகமெடுக்கும் என்பது எளிய வேதியியல். எவ்வளவு வேகம், எந்த மண்ணில் என்பதை அளக்க ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தலைமையில் ஒரு உலகளாவிய சோதனை நடந்தது. அதற்குப் பயன்பட்டவை கடையில் விற்கும் தேநீர்ப் பைகள். சீக்கிரம் மக்கும் கிரீன் டீ ஒன்று, மெதுவாக மக்கும் ரூய்போஸ் ஒன்று. 28 நாடுகளில் 180 ஈரநிலங்களில் ஏறக்குறைய 19,000 பைகளைப் புதைத்து, காலம் கழித்துத் தோண்டி, எடை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நிறுத்தார்கள். வெப்பமான இடங்களில் பொதுவாகச் சிதைவு வேகமாக இருந்தது. மற்றக் கடலோர ஈரநிலங்களோடு ஒப்பிட்டால், ஓதச் சதுப்புகளில் அதிகம் மிஞ்சியிருந்தது.

மேரிலாந்தில் ஸ்மித்சோனியன் நிறுவனம் இதே கேள்வியை வேறு வழியில் கேட்டது. செசபீக் விரிகுடாவின் கர்க்பாட்ரிக் சதுப்பில் 1987இல் பெர்ட் டிரேக் கண்ணாடிக் கூண்டு போன்ற திறந்த அறைகளை நிறுத்தி, உள்ளே இருந்த செடிகளுக்குக் கூடுதல் கரியமில வாயுவைக் கொடுக்கத் தொடங்கினார். அந்தச் சோதனை தலைமுறை கடந்து நடக்கிறது. பின்னர் அதே சதுப்பில் விளக்காலும் மண்ணுக்குள் பதித்த கம்பியாலும் நிலத்தையே சூடாக்கும் சோதனையும் சேர்ந்தது. கூடுதல் வாயு கோரை இனத்துக்கு வேரை வளர்த்துத் தந்தது, மண்ணை உயர்த்தவும் உதவியது. புல்லுக்கு அவ்வளவாக உதவவில்லை. சூடேறியபோது மீத்தேன் கூடியது. நன்மையும் தீமையும் ஒரே சேற்றில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கின்றன.

எல்லாவற்றையும் முடிவு செய்யப்போவது கடல் மட்டம். இதில் ஒரு முரண் உண்டு. ஆஸ்திரேலியாவின் வோலங்காங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெர்ரிலீ ரோஜர்ஸ் 2019இல் உலகச் சதுப்புகளின் அளவீடுகளை ஒப்பிட்டார். கடந்த சில ஆயிரம் ஆண்டுகளாகக் கடல் உயர்ந்துகொண்டே வந்த வட அட்லாண்டிக் போன்ற கரைகளில், கடல் மட்டம் அசையாதிருந்த தென்கோளக் கரைகளைவிட மேல்மண்ணில் கார்பன் 1.7 முதல் 3.7 மடங்கு அதிகம். கடல் உயர்ந்தால் சதுப்புக்கு மேலே வளர இடம் கிடைக்கிறது, வளர்ந்ததெல்லாம் புதைகிறது. பார்ன்ஸ்டபிளில் ரெட்ஃபீல்டு கண்டதும் இதுவே. ஆனால் அது மெல்ல உயர்ந்த கடல். மக்வாரி பல்கலைக்கழகத்தின் நீல் செய்ன்டிலனும் கூட்டாளிகளும் 2023இல் எச்சரித்தது வேகத்தைப் பற்றி. ஆண்டுக்கு 4 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் சதுப்புகள் பின்தங்கத் தொடங்கலாம். 7 மில்லிமீட்டரை எட்டினால் பெரும்பாலும் பின்தங்கியே தீரும். உலகக் கடல் மட்டம் இப்போதே முதல் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

மேலே வளர முடியாத சதுப்பு பின்னால் நகரும், பின்னால் இடம் இருந்தால். செசபீக்கைச் சுற்றி அது கண்முன்னே நடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அங்கே 400 சதுர கிலோமீட்டர் அளவு காடும் வயலும் சதுப்பாகியிருக்கின்றன. இன்றைய சதுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி வந்தது. உப்பு ஏறிய பைன் மரங்கள் பட்டையுரிந்து வெளுத்து நிற்க, அவற்றின் காலடியில் ஸ்பார்ட்டினா பிடித்துக்கொள்கிறது. பரப்பு குறையவில்லை என்று நிம்மதி கொள்ள முடியாது. மரத்தில் இருந்த கார்பன் சில பத்தாண்டுகளில் போய்விடுகிறது. புதுச் சதுப்பின் மண்ணில் அதே அளவு சேர நூற்றாண்டுகள் ஆகும். விளிம்பில் கரைந்துபோகும் பழைய பீட் மண்ணின் இழப்பு வேறு. ஆகவே மீட்பைவிடக் காப்பு முக்கியம். புதிதாக ஒரு ஹெக்டேர் உருவாக்குவதும் பழைய ஒரு ஹெக்டேரை விட்டுவைப்பதும் சமமல்ல.

நாடுகள் இதைக் கணக்கில் எடுக்கத் தொடங்கியிருக்கின்றன. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2013இல் ஈரநிலங்களுக்கான கணக்கு வழிமுறையை வகுத்தது. அமெரிக்கா 2017இல் தன் தேசியப் பசுங்குடில் வாயு அறிக்கையில் கடலோரச் சதுப்புகளைச் சேர்க்கத் தொடங்கியது. ஆனால் சதுப்பு நகர்ந்து வரும் பாதையில் இருப்பது யாரோ ஒருவரின் நிலம். மேரிலாந்தின் கிழக்குக் கரையில் சோளமும் சோயாவும் விளையும் வயல்களின் ஓரத்தில் வெள்ளை உப்புத் திட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு அகலமாகின்றன. உழவர் ஒரு வரப்பை உயர்த்தி இன்னும் சில போகம் எடுக்கலாம், அல்லது அந்த ஓரத்தைப் புல்லுக்கு விட்டுவிடலாம். வரப்பு உயர்ந்தால் சதுப்பு கடலுக்கும் வரப்புக்கும் நடுவே நசுங்கும். விட்டுவிட்டால் உழவருக்கு வருமானம் போகும். அந்த வருமானத்தை யார் ஈடு செய்வது, எத்தனை ஆண்டுக்கு, சந்தை விலைக்கா அதற்குக் குறைவாகவா என்பதைத்தான் அந்த வட்டாரத்தின் நிலப் பாதுகாப்புத் திட்டங்கள் ஒவ்வொரு பண்ணையாகப் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது.